தகரக் கூரைக்கு மேலே ஐந்து நிமிடம்

ஜெனிட்டா சிஸ்டருக்கு நாற்பத்து மூன்று வயது. தீக்காய வார்டில் நர்ஸ். நானும் அதே வார்டுதான். ஆறு நாள் வெந்த தோலைப் பார்த்த கண்ணுக்கு ஏழாம் நாள் வானம் வேண்டும் என்பார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வெம்பக்கோட்டை அணையை ஒட்டிய பொட்டலில் கிளைடர் விடுவார். இன்ஜின் இல்லாத சிறு விமானம். கையால் வீசினால் காற்றைப் பிடித்துக்கொண்டு மிதக்கும். ரிமோட்டால் திருப்பலாம்.

எங்கள் கிளைடர் சங்கத்தில் மூன்று வருடமாக நாலே பேர். "இப்பிடியே போனா நம்மளோட சங்கமும் சேந்து செத்துரும்" என்று சிஸ்டர் மூன்று தகுதி வைத்தார். ஒரு நிமிடம் பறந்தால் பச்சை ஸ்டிக்கர், மூன்றுக்கு நீலம், ஐந்துக்குத் தங்கம். அச்சாபீஸில் வேலை பார்க்கும் பாண்டிராஜ் ஜிகினாத்தாளில் அடித்துக் கொடுத்தான். பட்டாசு லேபிள் தோற்றது போங்கள். இரண்டே மாதத்தில் இருபது பேரானோம். நேரம் பிடிப்பது என் வேலை. எனக்குத் தலைகால் புரியவில்லை, பொய் சொல்வானேன்.

ஐந்து நிமிடம் மட்டும் யாருக்கும் வசப்படவில்லை. பாண்டிராஜ் வழி கேட்டபோது சிஸ்டர் கையை நீட்டினார்.

"சூடான எடத்துக்கு மேல காத்து நல்லாத் தூக்கும். அந்தா, பட்டாசுக் கம்பெனி தகரக் கூரை தெரியுதுல்ல, அதுக்கு மேல வட்டம் போடு. ஞாயித்துக்கெளம லீவுதான், ஆள் இருக்காது."

தீக்காய வார்டு நர்ஸ் சொல்கிற பேச்சா இது என்று எனக்கும் அன்று உறைக்கவில்லை.

ஆவணி பிறந்தது. தீபாவளி சீசனில் ஞாயிறு ஏது, லீவு ஏது? பாண்டிராஜின் கிளைடர் கூரைக்கு மேல் சுற்ற, நான் "நாலு நிமிசம்!" என்று கத்தினேன். பைனாகுலரில் பார்த்த சிஸ்டரின் முகம் வெளிறியது. கூரைக்குப் பக்கத்தில் வெடி காயும் மேடை. மேடையைச் சுற்றிப் பெண்கள்.

"திருப்புலே! ஆள் இருக்கு!"

"இன்னும் நாப்பது செகண்டு சிஸ்டர்..."

கிளைடர் தலைகுப்புறச் சரிந்து கூரைக்குப் பின்னால் மறைந்தது. அதன் வயிற்றில் பேட்டரி. நசுங்கினால் தீப்பிடிக்கும் ரகம். இருபது பேரும் சத்தத்துக்காகக் காத்து நின்றோம். இந்தப் பக்கத்தில் அப்படி நிற்க யாருக்கும் சொல்லித்தர வேண்டாம்.

சத்தம் வரவில்லை. கால் மணி நேரம் கழித்து முருகம்மாள் என்ற பெண் கிளைடரை ஏந்திக்கொண்டு வந்தார். முழங்கை வரை வெள்ளி நிற வெடிமருந்துப் பொடி.

"மேடைக்கு ரெண்டு முழம் தள்ளி விழுந்துச்சும்மா. அழகா இருக்கே, எங்களுக்கும் கத்துத் தருவீகளா?"

சிஸ்டர் அந்தக் கைகளையே பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "தங்கம் இனிமே கெடையாது. யாரும் இங்கன வரப்பிடாது."

அடுத்த ஞாயிறு எங்கள் இருவருக்கும் டூட்டி. நண்பகலில் சிஸ்டரின் போனுக்கு ஒரு படம் வந்தது. பாண்டிராஜ் கையில் கிளைடர், இறக்கையில் தங்க ஸ்டிக்கர். அச்சடிப்பவன் அவன்தானே. பின்னால், அதே தகரக் கூரைக்கு மேல் இன்னொரு கிளைடர். கீழே எழுதியிருந்தான்: "அஞ்சு நிமிசம் பத்து செகண்டு சிஸ்டர். மத்தவுகளும் வரிசையில நிக்காக."

சிஸ்டர் அவனுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. கம்பெனிக்குப் போட்டார். மருந்து புழங்கும் இடத்தில் போனுக்கு அனுமதியில்லை, ஆபீஸிலோ ஆளில்லை. மூன்றாம் முறையும் மணி அடித்து ஓய்ந்தது. அவர் போனை என் கையில் கொடுத்துவிட்டு, காலியாகக் கிடந்த ஆறு கட்டில்களுக்கும் புது விரிப்பு விரிக்கப் போனார்.