இடது காலின் குழி

எங்கள் கல்லூரிக் குழு இந்த முறை வெல்லுமா என்று ஸ்காபரோவில் என்னைக் கேட்காத ஆள் குறைவு. எங்கள் கல்லூரி என்று வாய் சொல்கிறது. உண்மையில் நான் கல்லூரி வாசல் மிதித்ததே மைதானத்துப் புல் வெட்டத்தான். ஏழாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ஒரு பையோடு கனடாவுக்கு வந்து, பிறர் வீட்டு வாசலில் பனி அள்ளி, புல் வெட்டி, இன்றைக்கு என் பெயர் எழுதிய ஆறு ட்ரக் ஓடுகிறது. எவரும் கைதூக்கி விடவில்லை. இதை நான் எல்லா மேடையிலும் சொல்லியிருக்கிறேன். இங்கேயும் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் வரும் கதைக்கு அது வேண்டும்.

அந்தக் கல்லூரியின் பேஸ்போல் மைதானம் பதினைந்து வருடமாக என் பொறுப்பு. புல்லை ஆட்கள் வெட்டுவார்கள். நடுவில் இருக்கும் மண்மேட்டை மட்டும் எவரையும் தொட விடமாட்டேன். பந்து எறிபவன் அந்த மேட்டில் நின்றுதான் எறிவான். வலக்கைக்காரன் என்றால் எறியும்போது இடது காலை முன்னால் நீட்டி, உடம்பின் பாரம் முழுவதையும் அதில் இறக்குவான். நூறு தரம் எறிந்தால் நூறு தரமும் அந்தக் கால் ஒரே இடத்தில் விழும். அங்கே ஒரு குழி விழும். ஆட்டம் முடிந்ததும் அந்தக் குழியை மூடுவதுதான் என் வேலையில் பெரிய வேலை.

அதை மூடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. உதிரி மண்ணை எல்லாம் கூட்டி எடுக்க வேண்டும். குழிக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஈரக் களிமண்ணைப் போட்டு, பிடி வைத்த இரும்புத் தட்டால் இடிக்க வேண்டும். மறுபடி களி, மறுபடி இடி. பிறகு படங்கு என்கிற தார்ப்பாயைப் போட்டு மூடி ஊற விட வேண்டும். ஒரு மணித்தியாலம் பிடிக்கும். அவசரப்பட்டால் மேலே அழகாக இருக்கும், கீழே பொய்யாக இருக்கும்.

குழுவின் கோச் கம்பியூட்டரில் கோடு கீறி ஆட்டக்காரனை எடை போடுவார். எனக்குக் குழியைப் பார்த்தால் போதும். களைத்தவனின் குழி அகலும். பயந்தவனின் குழி பின்னுக்கு வரும். கெட்டிக்காரனின் குழி கோப்பையைப் பதித்த மாதிரி ஒரே அளவாக இருக்கும். போன வருடம் அப்படி ஒரு குழி எனக்குக் கிடைத்தது. பக்கத்து அஜக்ஸ் நகரத்திலிருந்து வரும் எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒருவனுடையது. இருபது வயது. இங்கேயே பிறந்தவன். அவன் எறிந்தால் பந்து பிடிப்பவனின் கையுறையில் விழும் சத்தம் வாகனத் தரிப்பிடம் வரைக்கும் கேட்கும்.

நான் சும்மா இருப்பேனா? கலியாண வீடு, பிறந்தநாள் விழா, கோயில் மண்டபம் எல்லா இடமும் அவனைப் பற்றித்தான் என் பேச்சு. "எங்கட பெடியன் ஒருத்தன் இருக்கிறான், வந்து பாருங்கோ. அமெரிக்காக்காரன் வந்து தூக்கிக்கொண்டு போவான்" என்று சொல்லிச் சொல்லியே ஆட்களை மைதானத்துக்குக் கூட்டி வந்தேன். பேஸ்போல் என்றால் என்னவென்றே தெரியாத அன்ரிமாரெல்லாம் மடக்குக் கதிரையோடு வந்து இருந்தார்கள்.

போன வருடம் செப்டம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை. காலையில் பயிற்சி, பின்னேரம் ஆட்டம். அதே பின்னேரம் எனக்கும் ஒரு விழா. உழைப்பால் உயர்ந்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்தும் விழா, அதில் முதல் ஆள் நான். படம் எடுக்க நேரத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். நான் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டுதான் மைதானத்துக்குப் போனேன். பயிற்சியில் விழுந்த குழி ஆழமாக இருந்தது. மணிக்கூட்டைப் பார்த்தேன். மண்வெட்டியால் காய்ந்த மண்ணை அள்ளிக் குழிக்குள் போட்டேன். புதுச் சப்பாத்துக் காலால் இரண்டு மிதி மிதித்தேன். பல் வைத்த றேக்கால் மேலே இழுத்துவிட்டேன். அவ்வளவுதான். படம் எடுத்துச் சட்டம் போடலாம், அவ்வளவு வடிவாக இருந்தது மேடு.

மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தும்போது கோட்டுப் பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. எடுக்கவில்லை. கைதட்டல் ஓயும் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றேன். கீழே இறங்கி வந்து பார்த்தால் என் ஆள் ஒருவனின் குறுஞ்செய்தி. பெடியன் எறிந்துவிட்டு விழுந்துவிட்டானாம். முழங்கால். அம்புலன்ஸ் வந்ததாம். குனிந்து பார்த்தேன். என் சப்பாத்தின் தையலுக்குள் மைதானத்துச் செம்மண் இருந்தது. அந்த மண்ணோடுதான் மேடையில் நின்றிருக்கிறேன்.

அவன் விழுந்ததை நான் காணவில்லை. கண்டிருந்தால் ஒரு தரம் கண்டதோடு போயிருக்கும். காணாதபடியால் ஒவ்வொரு நாளும் காண்கிறேன். சிக்னலில் வாகனம் நிற்கும்போது, சவரம் செய்யும்போது, வங்கியில் வரிசையில் நிற்கும்போது கால் இறங்குகிறது, மண் விலகுகிறது, முழங்கால் உள்ளே திரும்புகிறது. சத்தம் வந்ததா என்று எவரையும் நான் கேட்கவில்லை. எனக்குள் ஒரு சத்தம் வருகிறது.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெடியனின் தாய் என்னை வெளி வராந்தாவில் மறித்தா. முகம் வீங்கியிருந்தது.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. உங்கட வாய்தான் அண்ணை."

"என்ன தங்கச்சி?"

"ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சியள். எத்தனை கண் பட்டது பிள்ளையில. நாவூறு அண்ணை, வேற ஒண்டுமில்லை."

எனக்கு அந்த இடத்தில் நெஞ்சு லேசாகிப் போனதை இங்கே ஒளிக்காமல் எழுதுகிறேன். அவ என்மேல் ஒரு குற்றம் போட்டா. அது என் குற்றம் இல்லை. ஆனால் தாங்கக் கூடிய குற்றம். "ஓம் தங்கச்சி, என்ர வாய்தான்" என்று தலையைக் குனிந்தேன். அந்த வெள்ளிக்கிழமையே றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போய், பெடியனின் பெயர் நட்சத்திரம் சொல்லி அருச்சனை செய்து, தேங்காய் உடைத்தேன். நாவூறு கழிக்க எலுமிச்சம்பழமும் வாங்கி அவர்கள் வீட்டுக்குக் கொடுத்தேன். எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன், செய்யாத பிழைக்கு.

பனி வந்து மைதானத்தை மூடியது. ஏப்ரலில் உருகியது. படங்கை இழுத்துப் பார்த்தேன். மேடு முழுவதும் சமமாக இருக்க, ஒரே ஒரு இடம் மட்டும் உள்ளே இறங்கியிருந்தது. அவனுடைய குழி. விபத்துக்குப் பிறகு நானேதான் அதை முறைப்படி களி போட்டு இடித்தேன். ஆனால் அடியில் அந்தக் காய்ந்த மண் கொஞ்சம் தங்கியிருக்க வேண்டும். பனி அதைத் தேடிப் பிடித்து எனக்குக் காட்டியது. தோண்டி எடுத்து மறுபடி நிரப்பினேன். மே மாதம் மழைக்குப் பிறகு மறுபடி இறங்கியது. விரல் ஆழம்தான். வேறு எவர் கண்ணுக்கும் தெரியாது.

கோடையில் பெடியன் திரும்பி வந்தான். சத்திர சிகிச்சை நன்றாக முடிந்தது, முழங்கால் பலமாக இருக்கிறது, எறியலாம் என்று வைத்தியர் விட்டுவிட்டார். செப்டம்பரில் ஆட்டங்கள் தொடங்கும். குழுவுக்கு மற்ற எல்லாம் வாய்த்திருந்தது. பந்தை அடிப்பவர்களில் நால்வர் கெட்டிக்காரர்கள். பிடிப்பவன் பழையவன், அனுபவசாலி. முதல் ஆளாக எறிய ஒருவன் கிடைத்தால் வெல்லலாம், கிடைக்காவிட்டால் நடு வரிசையில் கிடக்க வேண்டியதுதான்.

ஓகஸ்டில் ஒரு காலை, அவன் தனியாக வந்து வலைக்கு எறிந்துகொண்டிருந்தான். நான் கொஞ்சம் தள்ளி நின்று குழாயால் புல்லுக்குத் தண்ணீர் அடித்தேன். கையுறைச் சத்தம் இல்லை, வலையில் பந்து பட்டு விழும் சத்தம் மட்டும். அதில் உயிர் இல்லை. அவன் தண்ணீர் குடிக்கப் போனதும் மேட்டில் ஏறிப் பார்த்தேன். அவன் கால் விழுந்த அடையாளம் பழைய இடத்துக்கு ஒரு சாண் பின்னுக்கு இருந்தது.

"தம்பி, காலைக் கிட்டவா வைக்கிறாய்."

"ஓம் அங்கிள். பழையபடி நீட்டி வைக்கிறது டேஞ்சர்."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. விழுந்த வீடியோவை நானே பாத்தனான். ஹண்ட்ரட் டைம்ஸ் பாத்திருப்பன். என்ர கால்தான் பிழையா லாண்ட் பண்ணியிருக்கு. பிறகு எப்பிடி அங்கிள் அந்தக் காலை ட்ரஸ்ட் பண்ணுறது?"

நான் குழாயைப் பிடித்தபடி நின்றேன். தண்ணீர் ஒரே இடத்தில் ஓடிச் சேறாகியது. வாய் திறக்கவில்லை. ஊர் முழுக்கப் பேசிய வாய்.

அன்றைக்கே கோச் என்னிடம் வந்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். "உன் பெடியனுக்கு வேகம் போய்விட்டது. வெள்ளிக்கிழமை வரை பார்ப்பேன். அதற்குப் பிறகு அவனை வெளியே இருத்திவிட்டு வேறு ஒருவனைப் போடுவேன். கடைசி வருடம், பாவம், ஆனால் என்ன செய்ய?"

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் இருந்தேன். விறாந்தைச் சுவரில் அந்த விழாவில் தந்த விருது தொங்குகிறது. அதற்குக் கீழே உட்கார்ந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் நான் தோற்ற கதை ஒன்றை அவளுக்குச் சொன்னது அதுதான் முதல் தரம். அவள் அரிசி கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அப்ப கோயிலில என்னத்தைச் சொல்லித் தேங்காய் உடைச்சனீங்கள்?"

"நாவூறு எண்டு."

"பிள்ளையாருக்கும் பொய் சொல்லியிருக்கிறியள்."

"கொன்ராக்ட் போயிடும். சனம் சிரிக்கும்."

"சனம் சிரிச்சால் நீங்கள் சாகமாட்டியள். அந்தப் பெடியன் தன்ர காலை நொண்டிக் கால் எண்டு நினைச்சுக்கொண்டு திரியிறான். போய்ச் சொல்லுங்கோவன்."

வியாழன் காலை போனேன். அவன் மேட்டின் ஓரத்தில் இருந்து சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தான். நான் எழுபதை நெருங்கும் ஆள், முழந்தாளிட்டு உட்கார்ந்து, மண்வெட்டியின் நுனியால் அந்தப் பழைய குழியைத் தோண்டினேன். அடியிலிருந்து காய்ந்த தூள் மண் ஒரு பிடி வந்தது. எத்தனை தரம் எடுத்தும் இன்னும் இருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.

"தம்பி, அண்டைக்கு உன்ர கால் பிழைக்கேல்லை. நான் குழியை இடிக்கேல்லை. காய்ஞ்ச மண்ணை அள்ளிப் போட்டிட்டுப் போயிட்டன். எனக்கு விழா. அவசரம்."

அவன் அந்த மண்ணையே பார்த்தான்.

"எவ்வளவு நேரம் சேவ் பண்ணினீங்கள் அங்கிள்?"

"ஒரு மணித்தியாலம்."

"பதினொரு மாசமா நான் என்ர காலை ஏசிக்கொண்டிருக்கிறன்." குரல் உயரவில்லை. "அம்மா இன்னும் உங்கட லெமனை வாசலில கட்டி வச்சிருக்கிறா."

"நான் வந்து அம்மாட்டைச் சொல்லுறன்."

"வேண்டாம். வீட்டை வராதேங்கோ."

பந்து வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். நான் எழும்ப முயன்றேன், முழங்கால் பிடித்துக்கொண்டது. கையை ஊன்றித்தான் எழும்பினேன். பிறகு கோச்சிடம் போய் அவருக்கும் சொன்னேன். ஒப்பந்தத்தை விட்டுவிடுகிறேன் என்றேன். இந்தப் பருவம் முடியும் வரை நில் என்றார். ஆனால் இனி ஒவ்வொரு பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் முன் தானே வந்து குழியைச் சோதிப்பாராம். பதினைந்து வருடம் எவரையும் தொட விடாத மேட்டில் இப்போது அவர் ஏறிக் குதித்துப் பார்க்கிறார். நான் கீழே றேக்கோடு நிற்கிறேன். பார்ப்பவர்கள் பார்க்கிறார்கள்.

அன்றைக்கே அந்த மேட்டின் முன்பக்கத்தை அடிவரை வெட்டி எடுத்தேன். தூள் மண் ஒரு கரண்டிகூட விடாமல் கூட்டினேன். புதுக் களி போட்டு, படை படையாக இடித்தேன். தோள் இரண்டு நாள் தூக்க முடியாமல் கிடந்தது.

வெள்ளிக்கிழமை அவன் எறிந்தான். முதல் சில எறி பழையபடி கிட்டத்தான். பிறகு நிறுத்தி, குதிகாலால் முன்னால் இருந்த மண்ணைத் தட்டினான். மூன்று தரம். எறிந்தான். மறுபடி மூன்று தட்டு. மறுபடி எறி. போகப் போகக் கையுறைச் சத்தம் பெரிதாகியது. கோச் குறிப்புக் கொப்பியில் எழுதினார். எல்லாரும் போன பிறகு மேட்டில் ஏறிப் பார்த்தேன். குழி பழைய இடத்தில் இருந்தது. கோப்பையைப் பதித்த மாதிரி.

அடுத்த வாரம் முதல் ஆட்டம். முதல் ஆளாக எறிவது அவன்தான். கடையிலும் கோயிலிலும் சனம் என்னை மறித்துக் கேட்கிறது, "அண்ணை, இந்த முறை எப்பிடி, வெல்லுவாங்களோ?" முந்தி என்றால் அரை மணித்தியாலம் பேசுவேன். இப்போது, "வெல்லக் கூடிய குழுதான்" என்று சொல்லிவிட்டு நடக்கிறேன். எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைக்கிறார்கள்.

அவன் என்னோடு பேசுவதில்லை. கடந்து போகும்போது அங்கிள் என்று சொல்வதுமில்லை. அது அவன் உரிமை. ஆனால் ஒவ்வொரு எறிக்கும் முன்னால் குதிகாலால் மண்ணை மூன்று தரம் தட்டுகிறான். போன வருடம் அவனுக்கு அந்தப் பழக்கம் இருக்கவில்லை. வேலிக்குப் பின்னால் நின்று நான் அந்தத் தட்டுகளை எண்ணுகிறேன். கால் மேலே போகிறது. அது மண்ணில் இறங்கி நிற்கும் வரைக்கும் என் மூச்சு வெளியே வருவதில்லை.