ஒரே வைரஸ் என்று நம்பியிருந்தேன்

திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக் காபி ஒரு வாரமாகக் கசந்தது. மனைவி கலாவின் கைப்பக்குவத்தைச் சந்தேகித்தேன். சிறுநீரும் காபி நிறத்தில் போனபோதுதான் தவறு அடுப்பங்கரையில் இல்லை என்று தெரிந்தது. ஹெபடைடிஸ் பி (கல்லீரலில் குடியேறும் வைரஸ்).

தினம் ஒரு மாத்திரை. வெறும் வயிற்றில்தான் போட வேண்டும் என்றார் டாக்டர். எங்கள் தெருவில் இது செல்லாது.

“கொடலு வெந்துபூடும்,” என்றாள் கலா. “டாக்டரா வந்து பாத்துக்கப் போறாரு? ரெண்டு இட்லி துன்னுட்டுப் போடு.”

எனக்குத் துறைமுகத்தில் கண்டெய்னர் சரக்கை விடுவிக்கும் வேலை. பகலெல்லாம் கஸ்டம்ஸ் அதிகாரிகளோடு வாதாடுகிறவன் வீட்டில் வாதாடுவதில்லை. தின்றேன்.

வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு) முதலில் இறங்கியது. ஒரு வருடம் கழித்து மறுபடி ஏறியது.

“உள்ள இருக்கறது ஒரே மாதிரி வைரஸ் இல்ல சார்,” என்றார் டாக்டர். “தன்னை நகலெடுக்கும்போது தப்புத் தப்பா எடுக்கும். சில தப்புங்க மாத்திரைக்கு மசியாது. மத்தது செத்ததும் அதுங்க பெருகிடும்.”

சோம்பேறி என்று பெயரெடுத்த என் உடம்புக்குள் இப்படி ஓர் உழைப்பு.

கூட வந்திருந்த கலா மெதுவாகக் கேட்டாள்: “நான் குடுத்த இட்லியாலயா டாக்டர்?”

“சாப்பாட்டோட போட்டா மருந்து ரத்தத்துல சரியா சேராது. அதனால இருக்கலாம். இல்லன்னா, மசியாத அந்த வகை முன்னாடியே கொஞ்சம் இருந்திருக்கலாம். இப்ப சொல்ல முடியாதும்மா.”

இட்லிதான் என்று உறுதியாகச் சொல்லியிருந்தால் ஒரு மூச்சு கோபப்பட்டு முடித்திருப்பேன். அதற்கும் வழியில்லை. ஷேர் ஆட்டோவில் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

“திட்றதுன்னா திட்டிடுய்யா. மூஞ்ச இப்டி வச்சிக்கினு வராத.”

“யார திட்றது?”

“என்னியதான்.”

“ஆதாரம் பத்தலியே.”

“கஸ்டம்ஸ் ஆபீசு பேச்ச இங்க பேசாத,” என்றவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இதைச் சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாமாம். இந்த மரியாதையைப் பழைய மாத்திரையும் காட்டியிருக்கலாம். இதைப் படிக்கும் சக நோயாளிக்கு ஒன்றுதான் சொல்வேன்: மாத்திரை போடும் நேரத்தை வீட்டில் வாக்கெடுப்புக்கு விடாதீர்கள்.

லோடு இறங்கிக்கொண்டிருக்கிறது. எரிச்சல் இறங்கவில்லை. பரிசோதனை முடிவு கைக்கு வரச் சில நாட்களாகின்றன. ரத்தம் எடுத்த காலையில் என்னுள் யார் யார் இருந்தார்கள் என்பதை மட்டுமே அது சொல்லும். நான் படிக்கும்போது அவர்களில் பலர் போயிருப்பார்கள். புதுப் பிழைகளோடு வேறு சிலர் வந்திருப்பார்கள். என் உடம்பைப் பற்றி எனக்குக் கிடைப்பதெல்லாம் பழைய செய்திதான்.

“இன்னிக்கு எப்டி கீது ஒடம்பு?” என்றாள் கலா.

“போன வாரம் நல்லா இருந்துது.”

“சரி, இன்னிக்குள்ளத அடுத்த வாரம் கேட்டுக்கறேன்,” என்று சொல்லிவிட்டு மாத்திரையை எடுத்து நீட்டினாள்.