தரைத்தளத்து விசில்

புனேயில், வாகட் பகுதியிலுள்ள எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. அணையைத் திறந்துவிட்டிருந்தார்கள். ஆற்றுநீர் வண்டிகள் நிறுத்தும் இடம்வரை வந்ததும் மின்சாரத்தைத் துண்டித்தார்கள். எல்லோரும் மேல்மாடிக்குப் போகும்படி வாட்ஸாப்பில் செய்தி. நான் நாலாவது மாடியிலிருந்து கீழே ஓடினேன், வேடிக்கை பார்க்க. தரைத்தளத்து ஆன்ட்டி சக்கர நாற்காலியில் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"மேல போணுமாம்லா. எப்படிட்டி போக, பறந்தா?"

அன்று தண்ணீர் அவர் வாசற்படியோடு திரும்பிவிட்டது. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. கல்லூரியில் நான் படிப்பதே வெள்ள அபாயம் பற்றித்தான். என் வரைபடத்தில் எங்கள் கட்டடம் முழுக்க ஒரே நீலம். எனக்கு வேடிக்கையும் ஆன்ட்டிக்கு ஆபத்தும் ஒரே நிறத்திலா? நீலத்தை அழித்துவிட்டு, வீடு வீடாக ஒரே கேள்வியோடு கிளம்பினேன்: லிஃப்ட் இல்லையென்றால் உங்கள் வீட்டில் யாரால் படி ஏற முடியாது?

ஆன்ட்டி தேஹு ரோடு பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்துதான் சக்கர நாற்காலி. பக்கத்து ஊரான தளேகாவில் வேலை பார்க்கும் மகன் எங்களிடம் கறாராகச் சொல்லிவிட்டார்: அடுத்த வெள்ளத்துக்குள் பத்திரமான வழி காட்டுங்கள், இல்லையென்றால் அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார். ஆன்ட்டிக்குப் போக மனமில்லை. அவருடைய சர்ச், தோழிகள், சாயங்கால அரட்டை எல்லாம் இங்கேதான்.

ஒத்திகை பார்க்கலாம் என்றேன். சத்தம் கேட்டதும் மாடிகளிலிருந்து நான்கு பேர் இறங்கிவந்து ஆன்ட்டியைத் தூக்கிப் போக வேண்டும். மின்சாரம் இல்லாமல் சைரன் ஒலிக்காதே, அதனால் டோல் என்கிற பெரிய மேளத்தை அடிக்கத் தீர்மானித்தேன். கணபதி ஊர்வலத்தில் வாசிக்கும் கல்லூரி நண்பர்கள் நாலு பேர் ஞாயிறு மாலை வந்து கீழே நின்று வெளுத்து வாங்கினார்கள்.

தூக்க வேண்டியவர்கள் ஒருவரும் வரவில்லை. சதுர்த்தி நெருங்கும் நேரம், ஆற்றோரம் தினமும் இதே முழக்கம்தான்; இது வெள்ளம் என்று யார் கண்டார்கள்? சின்னப் பிள்ளைகள் மட்டும் இறங்கிவந்து ஆடினார்கள். பின்னாலேயே நாங்கள் காகா, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடும் குடியிருப்புச் செயலாளர் வந்து, ஊர்வலம் எப்போது கிளம்புகிறது என்று மராத்தியில் கேட்டார்.

ஆன்ட்டி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லாருக்குட்டி ஒன் வெள்ளம். ஆடிக்கிட்டே முங்கிருவோம்." பிறகு அலமாரியிலிருந்து பழைய விசிலை எடுத்தார். "இத ஊதுனா கிரவுண்டுல கடைசில நிக்க பிள்ளையும் ஓடிவரும், பாக்கியா?"

தண்ணீரை முதலில் பார்க்கப்போவதும் அவர்தானே! ஊதச் சொன்னேன்.

ஊதினார். டோல் நின்றது. மாடிகளில் கதவுகள் திறந்தன, தலைகள் எட்டிப் பார்த்தன. தூக்க வேண்டியவர்களில் இரண்டு பேர் இறங்கியே வந்துவிட்டார்கள்.

என் நண்பர்களில் இரண்டு பேர் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். ஆன்ட்டியை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, டோலை இடுப்பில் கட்டும் பட்டையால் இறுக்கித் தூக்கினோம். முதல் திருப்பத்திலேயே யாரோ படியில் வைத்திருந்த செருப்பு அலமாரியில் நாற்காலி சிக்கியது. மேலே இருந்து ஆன்ட்டி சொன்னார்: "கணபதியத் தூக்குத மாதிரி தூக்குதீங்க, சரி. கடைசில கொண்டுபோய் ஆத்துல கரைச்சிராதீங்க."

தூக்கியவர்களுக்கு நான் அதை இந்தியில் சொன்னதுதான் தப்பு. சிரித்த சிரிப்பில் நாற்காலியைப் படியிலேயே இறக்கி வைத்துவிட்டார்கள்.

"சிரிச்சு முடிச்சிட்டுத் தூக்குங்கல, அவசரமில்ல. தண்ணி காத்துக்கிடக்கும்."

ஒருவழியாக இரண்டாவது மாடி போய்ச் சேர்ந்தோம். அங்கே எல்லோருக்கும் சாயா. நான் அனுப்பிய வீடியோவைப் பார்த்த மகன் தொலைபேசியில் கேட்டார்: "படி காஞ்சிருக்கு, வெளிச்சம் இருக்கு. தூக்குனதுல பாதிப் பேரு வெளியாளு. நெசமா வெள்ளம் வந்தா அவங்க எங்க இருப்பாங்க?"

நியாயமான கேள்வி. பதில் வரும் ஞாயிற்றுக்கிழமை. விளக்கை அணைத்து, படியில் தண்ணீர் ஊற்றி, இங்கே குடியிருப்பவர்கள் மட்டுமே தூக்கப்போகிறோம். மகனும் நேரில் வருகிறார். ஆன்ட்டி இப்போதே விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுவிட்டார். செருப்பு அலமாரி வீட்டுக்காரரிடம் பேசும் வேலை என்னுடையது. இதோ, கிளம்பிவிட்டேன்.