பிஸ்கட் ரின்னில் போன மோர்மிளகாய்

எங்கள் முரசுமோட்டையில் கமலாசனியைத் தெரியாதவர் இல்லை. எங்கள் குடியேற்றக் கொலனியிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் பெண் பிள்ளை என்பார்கள். படிக்கும்போதே மோர்மிளகாய் விற்று ஊரை வாய் பிளக்க வைத்தவள் என்று சொல்லத்தான் எனக்கு விருப்பம்.

தகப்பன் ஏரம்பு என் பக்கத்து வீட்டுக்காரர். கரவெட்டியிலிருந்து வந்து காடு வெட்டி வயல் செய்தவர். நல்ல மனுசன்தான், ஆனால் பிடித்த பிடி விடமாட்டார். மகள் அரசாங்க உத்தியோகம் எடுக்க வேண்டும், உத்தியோக மாப்பிள்ளை வர வேண்டும். அந்த மாப்பிள்ளைக்குச் சீதனம் கொடுக்கவென்றே ஒரு மேட்டுக்காணியை வாங்கி, கன்றுக்குட்டியைக்கூட உள்ளே விடாமல் வேலி அடைத்து வைத்திருந்தார். சிங்களம் தெரியாதவர்களுக்கு உத்தியோகம் கிடைப்பதே அருமையாகிவிட்ட காலம் அது. எடுத்துச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மகளுக்கு அது விளங்கியிருந்தது. ஒருமுறை தாய் இரஞ்சிதம் கட்டிக்கொடுத்த மோர்மிளகாயை விடுதிப் பிள்ளைகள் பறித்துப் பறித்துத் தின்றுவிட்டு, காசுக்கும் கேட்டார்களாம். அடுத்த லீவில் தாயும் மகளும் என் மனைவியும் சேர்ந்து மிளகாயைக் கீறி, மோரில் ஊறவிட்டு, வெயிலில் காயவைத்து, வழக்கம்போல ஓலைப்பெட்டிகளில் அடைத்தார்கள். எங்கள் வெயிலுக்கு ஓலைப்பெட்டிச் சாமான் மாதக்கணக்கில் கிடக்கும். பேராதனை மழையையும் பனியையும் யார் நினைத்தது? போன கொஞ்ச நாளில் பூஞ்சணம் பிடித்து, அவ்வளவையும் குப்பையில் கொட்டினாள் பிள்ளை.

ஏரம்பு கொதித்துப்போனார். இன்னொருக்கால் பழுதானால் யாவாரக் கதையே இந்த வீட்டில் இருக்கக்கூடாது என்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"வெள்ளம் வந்து வயல் அழிஞ்ச வருசம், நீர் பிறகு விதைக்காமல் விட்டனீரோ?" என்று கேட்டுவிட்டேன்.

கமலாசனி மூலைக்குள் இருந்து அழுகிற பிள்ளையில்லை. அடுத்த லீவில் பரந்தனில் முத்தலிப்பின் கடையில் வெறும் தகர பிஸ்கட் ரின்களை வாங்கினாள். மிளகாயை இன்னும் நன்றாகக் காயவைத்து அடைத்து, மூடியைச் சுற்றி மெழுகுதிரியை உருக்கி ஊற்றி, ரயிலில் கொண்டு போனாள்.

மார்கழி லீவுக்கு அவள் வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் விற்றுப்போயிருந்தன. வேண்டுமென்றே விற்காமல் வைத்திருந்த ஒரு ரின்னைத் தகப்பனுக்கு முன்னால் வைத்தாள்.

"நீங்களே திறந்து பாருங்கோ, ஐயா."

நானும் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். ஏரம்பு கத்தியால் மெழுகைச் சுரண்டித் திறந்தார். ஒரு மிளகாயை எடுத்து ஒடித்தார். சடக்கென்று முறிந்தது. இரஞ்சிதம் குசினிக்குள் கொண்டுபோய்ப் பொரித்து வந்தா. சோற்றோடு ஒன்று தின்றார், பிறகு இன்னொன்று. கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"இவ்வளவு மிளகாய் எங்கால?"

"பாதிக்கு மேல விலைக்கு வாங்கினதுதான் ஐயா. எங்கட வளவில காய்க்கிறது இதுக்குக் காணாது."

"ஏன் விலைக்கு வாங்கவேணும்? மேட்டுக்காணி சும்மாதானே கிடக்கு. மழை விடட்டும், நான் கொத்தித் தாறன்."

அந்தக் காணி சும்மா கிடக்கிறது என்று அவர் வாயால் வந்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.