ஏட்டம்மா சுடவில்லை

எங்கள் பயிற்சித் திடலில் இலக்குப் பலகைகளுக்குப் பின்னால் ஒரு பெரிய மண்மேடு இருந்தது. பலகையைத் தவறவிட்ட குண்டும், பலகையைத் துளைத்துப்போன குண்டும் அதில்தான் போய்ப் புதையும். காவல் வேலையில் சேர்ந்த புதிதில், முதல் துப்பாக்கிப் பயிற்சிக்காக எங்களை வரிசையில் நிறுத்தியபோது, நாங்கள் எல்லோரும் மேசைமேல் இருந்த துப்பாக்கிகளையே வெறித்துக்கொண்டிருந்தோம். ஆனேக்கல்லிலிருந்து வந்திருந்த ஒருத்தி மட்டும் மண்மேட்டைப் பார்த்தாள். அந்த மண்ணுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று பயிற்சியாளரிடம் கன்னடத்தில் கேட்டாள். ராகிக் கொல்லையும் மாடு மேய்ப்பவர்களும் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னார். அவர்கள்மேல் குண்டு போகாதா என்று அடுத்த கேள்வி. மேடு எதற்கு அவ்வளவு உயரம் என்று அவர் அன்று அரை மணி நேரம் விளக்கினார். பிற்பாடு அவள் தலைமைக் காவலராகி, எனக்கு ‘ஏட்டம்மா’ ஆனாள். நான் அதே திடலில் துப்பாக்கிப் பயிற்சியாளராகி, சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன்.

இத்தனை வருடம் இந்த வேலை பார்த்தவள் நான்; எனக்குத் திரைப்படத்தில் துப்பாக்கிச் சண்டை வந்தால் வயிறு எரியும். கதாநாயகன் இரண்டு கைகளிலும் துப்பாக்கி பிடித்து, பாய்ந்துகொண்டே சுடுகிறான். தோட்டா தீர்வதே இல்லை. மூடிய அறைக்குள் அத்தனை முறை சுட்டுவிட்டு அடுத்த நொடியே காதலியின் காதில் கிசுகிசுக்கிறான். அவளுக்கும் அது கேட்கிறது. எங்கள் திடலில் காதுக்கவசம் நழுவிய பயிற்சிக் காவலர்கள் ராத்திரி வரைக்கும் காதுக்குள் ரீங்காரம் கேட்கிறது என்று புலம்புவார்கள். இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம், காதில் பூ சுற்றுவது அவர்கள் தொழில். என்னால் பொறுக்க முடியாதது ஒன்றுதான். சினிமாவில் சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் குடியிருப்பதில்லை. சந்தைக்கு நடுவில் நூறு குண்டு பறக்கும். தக்காளி சிதறும், பானை உடையும், ஆள் ஒருவர்கூடச் சாகமாட்டார். சாகவேண்டியவன் மட்டும் சாவான்.

நாங்கள் கற்றுக்கொடுப்பதில் சுடுவது கடைசிப் பாடம். துப்பாக்கியின் வாய் எப்போதும் தரையைப் பார்க்க வேண்டும், சுட முடிவெடுக்கும்வரை விரல் விசையைத் தொடக்கூடாது, எதைச் சுடுகிறாயோ அதற்குப் பின்னால் இருப்பதும் உன் பொறுப்பு. இதைத்தான் நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோவோம். சுட்டு முடித்தால் காலித் தோட்டாக்களைப் பொறுக்கி எண்ணிக் கணக்குக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தால் மொத்தப் பேரும் புல்லில் குனிந்து தேடுவோம். இதைப் படமாக எடுத்தால் ஒருவரும் டிக்கெட் வாங்கமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும்.

ஏட்டம்மா எங்கள் எல்லோரையும்விட நன்றாகச் சுடுவாள். நான் ஓய்வு பெறும்போது என் இடத்துக்கு அவளைத்தான் சிபாரிசு செய்தேன். அவளுக்கு அந்த வேலைமேல் அவ்வளவு ஆசை. “புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு நானே சொல்லிக் குடுக்கணும்கா. கன்னைப் பார்த்து பயப்படவும் கூடாது, ஸ்டைலு காட்டவும் கூடாது” என்பாள். மேலதிகாரியும் சரி என்று சொல்லியிருந்தார். உத்தரவு வரவேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரத்தில்தான் ஆனேக்கல் பேருந்து நிலையம் அருகே ஒரு நகைக்கடையில் ஒருவன் துப்பாக்கியைக் காட்டி நகையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். மத்தியான நேரம். எதிர்ச் சாரியில் பணியில் இருந்த ஏட்டம்மா தன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அவனை மறித்தாள். கீழே போடச் சொல்லிக் கத்தினாள். அவன் போடவில்லை. நாலைந்து எட்டுத் தூரத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து நின்றார்கள். பிறகு அவள் துப்பாக்கியைத் தரைக்குத் தாழ்த்தினாள். அவன் பைக்கில் ஏறிப் போய்விட்டான். அவள் திருப்பம் வரை பின்னாலேயே ஓடி, வண்டி எண்ணைப் பார்த்து வயர்லெஸ்ஸில் சொன்னாள். அந்த எண்ணை வைத்துத்தான் அதே வாரம் ஓசூரில், அவன் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவனைப் பிடித்தார்கள். நகையும் கிடைத்தது. ஒரு குண்டுகூடச் செலவாகவில்லை.

ஆனால் ஊருக்கு வேறு கதை கிடைத்துவிட்டது. பக்கத்து பேக்கரியின் கேமராவில் பதிவானதை யாரோ வாங்கி, கைப்பேசிக்குத் தோதாக இரு பக்கமும் வெட்டி, கதாநாயகன் நுழையும்போது போடும் இசையைச் சேர்த்திருந்தார்கள். அவள் துப்பாக்கியைத் தாழ்த்தும் இடத்தில் இசை நின்று ஒரு சிரிப்புச் சத்தம். கொஞ்சம் பருத்த உடம்போடு அவள் ஓடுவதை மெதுவாக்கி மறுபடி மறுபடி ஓட்டியிருந்தார்கள். ‘பொம்மைத் துப்பாக்கி போலீஸ்’ என்று தலைப்பு. கீழே ஆயிரம் அறிவுரை. நோகாமல் நுங்கு தின்கிற கூட்டம், பட்டாசுத் துப்பாக்கியைத் தவிர எதையும் கையில் பிடிக்காத கூட்டம், எந்தக் கோணத்தில் சுட்டிருக்க வேண்டும் என்று அவளுக்குப் பாடம் எடுத்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று சோறு இறங்கவில்லை.

நான் அவள் வீட்டுக்குப் போனபோது வெட்டாத முழுக் காட்சியையும் காட்டினாள். அந்தத் திருடனுக்கு நேர் பின்னால் ஒரு மஞ்சள் பள்ளி வேன் நின்றிருந்தது, நெரிசலில் மாட்டிக்கொண்டு. ஜன்னல் முழுக்கப் பிள்ளைகள். “அவன் மூஞ்சி எனக்கு ஞாபகமே இல்லக்கா. வேன் கண்ணாடில ஒரு கொழந்த மூக்கை அழுத்தி வெச்சினு இருந்துச்சு. அது மட்டும்தான் தெரிஞ்சுது” என்றாள். எங்கள் தொழிலில் இதைவிடச் சரியான முடிவை நான் கண்டதில்லை. எதிரில் துப்பாக்கியோடு ஒருவன் நிற்கும்போது, அவனைத் தாண்டிப் பார்ப்பதற்கு எத்தனை தைரியம் வேண்டும். அந்த வேனைத்தான் முதலில் வெட்டி எறிந்திருந்தார்கள், திரையில் இடம் போதவில்லை என்று. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்று அவள் மாமியார் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். கல்லூரியில் படிக்கிற மகன் மட்டும் எங்களோடு பேசாமல் உள்ளேயே இருந்தான்.

உத்தரவு வரவில்லை. மேலதிகாரியைப் போய்ப் பார்த்தேன். விசாரணையில் அவள்மேல் தப்பில்லை என்று எழுதியாகிவிட்டது என்றார். ஆனால் பயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் காட்சியைப் பார்த்திருக்கிறார்கள், வகுப்பில் சிரிப்பார்கள், அவளுக்குத்தான் அவமானம் என்று கன்னடத்தில் நயமாகச் சொன்னார். ஒரு துப்பாக்கிப் பயிற்சியாளர் செய்யவேண்டியதை நடுத்தெருவில் செய்து காட்டியவளுக்கு, அதைச் செய்ததாலேயே அந்த வேலை இல்லையாம். நான் விடவில்லை. கடைசியில் அவர், அந்த வேனில் வந்த பிள்ளைகளின் பெற்றோர் ஒருவராவது நேரில் வந்து, எங்கள் பிள்ளையைக் காப்பாற்றினார் என்று சொன்னால், அதை வைத்து மேலே பேசிப் பார்க்கிறேன் என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஏனென்றால் அந்த வேன் எனக்குத் தெரிந்த வேன். பொம்மசந்திராவில் எங்கள் குடியிருப்பு வாசலுக்குத் தினமும் வருவது. எதிர்வீட்டுப் பெண்ணின் மகள் அதில்தான் போய்வருகிறாள். சேலத்திலிருந்து வந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெண், நல்ல மாதிரி. எனக்குக் காய்ச்சல் என்றால் ரசம் வைத்துக் கொடுப்பாள். வேலை முடிந்து அவள் வரத் தாமதமானால் குழந்தையை நான்தான் வேனிலிருந்து இறக்கி வைத்துக்கொள்வேன். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அந்தக் காட்சியை முதலில் போட்டவளும் அவள்தான், மூன்று சிரிப்புப் பொம்மைகளோடு. வேனை வெட்டிவிட்டதால் அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். காபி கொடுத்தாள். முழுக் காட்சியை ஓட்டி, துப்பாக்கி தாழும் இடத்தில் நிறுத்தி, திருடனுக்குப் பின்னால் இருந்த வேனைக் காட்டினேன். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. கைப்பேசியைக் கிட்டத்தில் கொண்டுபோய் ஒவ்வொரு ஜன்னலாகத் தேடினாள். “அய்யோ, இது எங்க பாப்பா வேன் ஆன்ட்டி. அன்னிக்கு லேட்டாத்தான் வந்தா” என்றாள். உள்ளே போய், படம் வரைந்துகொண்டிருந்த குழந்தையைத் தூக்கி வந்து மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள். எனக்கே கண் கலங்கியது. விஷயத்தைச் சொன்னேன். மேலதிகாரியிடம் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், வண்டி வைத்து நானே கூட்டிப்போகிறேன் என்றேன்.

அவள் குழந்தையின் தலையைத் தடவினாள்.

“வர்றதுல ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. ஆனா அவன் கையில கன்னு இருந்துச்சுல்ல? எங்க பாப்பா பின்னாடி இருக்கறப்ப அந்த மேடம் அப்படி சும்மா விட்டுட்டாங்களேன்னுதான் எனக்கு இருக்கு. கரெக்டா முட்டிக்குக் கீழ ஒண்ணு போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். அவ்ளோ ட்ரெயினிங் எடுத்தவங்கதானே?”

ஒரு காலின் அகலம் என்ன, காலைத் தவறிய குண்டு எங்கே போகும், காலைத் துளைத்த குண்டு எங்கே போகும் என்று எல்லாம் சொன்னேன். எத்தனையோ அணிகளுக்குச் சொன்னதுதான். அவள் மரியாதையாகக் கேட்டாள். கேட்டுக்கொண்டே, அவளுக்கே தெரியாமல், இரண்டு கைகளாலும் மகளின் கால்களைப் பொத்திக்கொண்டாள். கடைசியில், “இல்ல ஆன்ட்டி, எனக்கு மனசு வரல” என்றாள்.