இருக்கைக்கு அடியில் கேட்ட சத்தம்

என் பெயர் எஸ்தர். மலேசியாவில் கிள்ளானில் டயாலிசிஸ் நோயாளிகளை வேனில் ஏற்றிப்போகிறேன். போன வருஷம் வரை அது என் கணவர் ஜேம்ஸ் பார்த்த வேலை. மாரடைப்பு வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூன்று நாளும் சாப்பிடாமல் ஜெபித்தேன். அவர் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு எதுவும் தோன்றவில்லை. அழுகை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவேன், பாட்டுக்கு வாய் அசையும், வீட்டுக்கு வந்து துணி மடிப்பேன். ஜெபம் மட்டும் நின்றுவிட்டது. கர்த்தர்மேல் கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. கோபப்படவும் உள்ளே ஏதாவது இருக்க வேண்டுமே.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. போர்ட் கிள்ளான் அடுக்குமாடியில் லெட்சுமி அக்காவை ஏற்றப் போனேன். சனிக்கிழமை காய்ச்சல் என்று அவர் டயாலிசிஸுக்கு வரவில்லை. கால் இரண்டும் வீங்கியிருந்தன. நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கியது. முன் இருக்கையில் உட்காரவைத்துச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் பிடித்தது. இரண்டு விநாடியில் நின்றது. மறுபடி திருப்பினேன். பிடித்தது, நின்றது.

வொர்க்ஷாப்புக்குப் போன் போட்டேன். "பெட்ரோல் பம்பா இருக்கும், இல்ல சென்சரா இருக்கும்க்கா. இழுத்துட்டு வாங்க, மத்தியானம் பாக்குறேன்" என்றார் மெக்கானிக். கைப்பேசியில் வாடகைக் கார் கேட்டேன். துறைமுகச் சாலையில் லோரி கவிழ்ந்து நெரிசல். இரண்டு பேர் வருவதாகச் சொல்லி ரத்து செய்தார்கள். ஆம்புலன்ஸும் தாமதமாகும் என்றார்கள். டயாலிசிஸ் நிலையத்துக்குப் போன் போட்டதும் தாதி சொன்னார்: "பன்னெண்டு மணிக்குள்ள வந்துருங்க ஆன்டி. இன்னைக்கும் விட்டா அவங்களுக்கு ஆபத்து."

பக்கத்தில் அக்கா வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பயம்கூட வரவில்லை. அதுதான் எனக்கே பயங்கரமாக இருந்தது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து, "கர்த்தாவே, எனக்கு ஜெபிக்க முடியல. இவங்களைப் பாருங்க" என்றேன். அவ்வளவுதான். விலாசம் சொல்வதுபோல் சொன்னேன். ஆமென்கூடச் சொல்லவில்லை.

"எஸ்தரு, திரும்ப ஸ்டார்ட் பண்ணு" என்றார் அக்கா. பண்ணினேன். நின்றது.

"சீட்டுக்கு அடியில உஸ்ஸுனு கேக்குது லா. எங்கயோ காத்து இழுக்குது."

அக்கா இருபத்திரண்டு வருஷம் குளோவ்ஸ் ஃபேக்டரியில் காற்றுக் குழாய்கள் ஓடும் பகுதியில் வேலை செய்தவர். அது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் வேனில் எஞ்சின் முன் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. அவரை மெதுவாக இறக்கி, ஓட்டுநர் பக்கம் நிற்கவைத்து, இருக்கையைத் தூக்கினேன். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது. அவர் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினார். நான் ரப்பர் குழாய்கள் மேல் கையை நகர்த்தினேன். மூன்றாவது தடவை ஏதோ என் கட்டைவிரலை வெடுக்கென்று உள்ளே இழுத்தது. ஓட்டை. அங்கே மாட்டியிருந்த சின்னக் குழாய் கிளிப் உடைந்து கழன்று தொங்கியது.

"கையை எடுக்காதே!" என்றார் அக்கா.

எடுக்கவில்லை. எஞ்சின் நிற்காமல் ஓடியது.

பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டுக் குழாயை மாட்டினோம். அக்கா தன் கொண்டையிலிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றித் தந்தார். மூன்று சுற்றுச் சுற்றினேன். குறுக்குச் சாலைகளில் புகுந்து பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். அவரை உடனே படுக்கவைத்து ஊசி குத்தி இயந்திரத்தில் இணைத்தார்கள்.

நான்கு மணி நேரம் கழித்து வெளியே வந்தவர் தெளிவாகப் பேசினார். "பசிக்குது லா எஸ்தரு" என்றார். எனக்கும் பசித்தது. ஜேம்ஸ் போன பிறகு எனக்கு வந்த முதல் பசி அது. எதிர்க் கடையில் ஆளுக்கு ஒரு தோசை சாப்பிட்டோம். அங்கே உட்கார்ந்துதான், "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று சொன்னேன்.

ஜேம்ஸுக்காகக் கேட்டபோது ஏன் கிடைக்கவில்லை என்று எனக்கு இன்றும் தெரியாது. தெரிந்த மாதிரி உங்களிடம் பேச மாட்டேன். ஆனால் இப்போது தினமும், வேனில் ஏறுகிறவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன். சில நாள் மனசு அசையும். பல நாள் அசையாது.

உங்களில் யாராவது என்னைப்போல் மரத்துப்போய் இருந்தால், மனசு இளகட்டும் என்று காத்திருக்காதீர்கள். வெறும் வாயால் கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்டேன். கர்த்தர் அதைக் கேட்டார்.