அவள் எழுதிய பக்கத்தைப் பிரித்த நாள்

போன வருடக் கடைசியில் மலைப்பக்கமெல்லாம் மண் சரிந்ததே, அந்த மழை வாரத்தில் நடந்தது இது. மாத்தளை டவுனில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் இருக்கும் சிறிய கணினி நிறுவனத்தில் நான் வேலை செய்கிறேன். கடைகளுக்கும் வாசனைத் திரவியத் தோட்டங்களுக்கும் இணையத்தளம் செய்து கொடுப்பதுதான் எங்கள் தொழில்.

முன்பு என் சிநேகிதியும் என்னோடு அங்கே இருந்தாள். எல்கடுவப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். தினமும் பஸ்ஸில் இறங்கி வந்து என் எதிர் மேசையில் உட்காருவாள். நான் ஒரு வரியை யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் ஒரு முழுப் பக்கத்தை எழுதி முடித்துவிட்டு, “வாடி, பிளேன்டீ குடிக்கலாம்” என்பாள். அப்பா இறந்த பிறகு குடும்பத்துக்காக இத்தாலிக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு வீட்டில் தங்கி, நடக்க முடியாத ஒரு வயதான அம்மையாரைப் பார்த்துக்கொள்கிறாள். இங்கே தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், அவளுடைய அம்மா மட்டும் தனியாக இருந்தார்.

போவதற்கு முன், வேறொரு மழைக்காலத்தில், அவள் ஒரு தளம் செய்தாள். மழைக்குப் பயந்து வீட்டை விட்டுப் போனவர்கள் எந்த முகாமில் இருக்கிறார்கள் என்று சொந்தக்காரர்கள் பெயரைப் போட்டுத் தேடலாம். ஒரு வார இறுதியில் ஒரே மூச்சில் எழுதியது. அப்போது முகாம்களும் கொஞ்சம், பெயர்களும் கொஞ்சம். நன்றாகவே ஓடியது. அதற்குப் பிறகு யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

இந்த முறை தொண்டுக்குப் போன இளைஞர்கள் அதையே மறுபடி உயிர்ப்பித்தார்கள். முகாம்களிலிருந்து பெயர்கள் வந்து குவிந்தன. கொழும்பிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் ஆட்கள் திறந்து திறந்து பார்த்தார்கள். ஒரு காலையில் பக்கம் வரவே இல்லை. வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் கணினியைப் போடுவதற்குள் அவளுடைய அழைப்பு வந்தது.

“சைட் தொறக்க மாட்டேங்குதுடி. அம்மா போனும் வேலை செய்யல. தோட்டத்து மேல் டிவிசன்ல மண் எறங்கிருச்சாம். லயத்து ஆளுங்கள எங்கயோ கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். எங்கன்னு யாருக்கும் தெரியல.”

தான் எழுதிய பக்கத்தை, தன் அம்மாவைத் தேடி, அவள் விடியற்காலையிலிருந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அந்தத் தளத்துக்கு அவள் எழுதிய நிரலைத் திறந்தேன். எல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. தரவுத்தளத்தோடு இணைவது, பெயர் பதிவது, தேடுவது, திரையில் காட்டுவது, எழுத்தின் நிறம் வரைக்கும். அதோடு, ஒவ்வொரு பெயரையும் காட்டும்போது, அந்த ஆள் எந்த முகாம் என்று கேட்கத் தனித்தனியாகத் தரவுத்தளத்துக்குப் போய் வந்தது. கடைக்குப் போய் உப்பை மட்டும் வாங்கி வந்து, மறுபடி போய் சீனி வாங்கி, மறுபடி போய்த் தேயிலை வாங்குவது போல. பத்து வீட்டுக்காரர் அப்படிச் செய்தால் கடைக்காரர் சமாளிப்பார். ஊரே செய்தால்?

எல்லாப் பெயர்களையும் முகாமோடு சேர்த்து ஒரே கேள்வியில் வாங்கும்படி அவசரமாக மாற்றினேன். பட்டியல் வந்தது. மூச்சு விடுவதற்குள், இரத்தோட்டையில் ஒரு பாடசாலை முகாமில் பெயர் பதிந்துகொண்டிருந்த பெண் இன்னொரு போனில் கூப்பிட்டாள். “அக்கா, பேர் போட முடியல. பட்டன அமத்துனா வெறும் வெள்ளையா வருது.” நான் மாற்றிய அதே வரிகளைப் பதிவுப் பகுதியும் நம்பியிருந்திருக்கிறது. மாற்றியதைத் திரும்ப எடுத்தேன். பட்டியல் மறுபடி நின்றது.

இணைப்பிலேயே இருந்த சிநேகிதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். “ஒட்டுப் போடாத. மொதல்ல பிரிச்சிரு. எதை எங்க மாட்டி வச்சிருக்கேன்னு எனக்குத் தெரியும், நான் சொல்றேன்” என்றாள்.

அவளிடம் கைப்பேசி மட்டும்தான் இருந்தது. என் திரையை அவளுக்குக் காட்டினேன். அவள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். இணைப்புக்கு ஒரு கோப்பு. தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விகளெல்லாம் இன்னொன்றில். பதிவது தனியே, காட்டுவது தனியே. யார் வந்து கேட்டாலும் முதலிலிருந்து தயாரிக்காமல், ஒருமுறை செய்த பட்டியலை வைத்துக்கொண்டு, புதுப் பெயர் வந்தால் மட்டும் திருத்தும்படி நிரலை அமைத்தோம்.

நடுவில் அங்கே பக்கத்து அறையிலிருந்து, அவள் ‘நோனா’ என்று அழைக்கும் அந்த அம்மையார் கூப்பிடுவார். அவள் எனக்குப் புரியாத பாஷையில் பதில் சொல்லிவிட்டு ஓடுவாள். பாத்திரச் சத்தம் கேட்கும். திரும்பி வந்து, விட்ட வரியிலிருந்து சரியாகத் தொடங்குவாள். எத்தனையோ மாதங்களாக ஒரு வரிகூட எழுதாதவள்.

நிரலில் முகாம் என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் அவள் ‘வீடு’ என்று பெயர் வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

“முகாம்னு அடிக்க மனசு வரலடி” என்றாள்.

அம்மாவைப் பற்றிய பயம் இரண்டு பேர் நெஞ்சிலும் இருந்தது. ஆனாலும் சொல்கிறேன், அந்த நேரத்தில் நான் சந்தோஷமாகவும் இருந்தேன். அவள் மறுபடி என் எதிரே உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

மத்தியானம் தாண்டியதும் புதியதைப் போட்டோம். பக்கம் தொட்டவுடன் வந்தது. அவள் அம்மாவின் பெயரைத் தேடினாள். இல்லை. வேறு எழுத்துகளில் தேடினாள். இல்லை. சிங்களத்தில் பதிந்திருப்பார்களோ என்று நானும் தேடினேன். அதிலும் இல்லை.

இரத்தோட்டைப் பெண்ணுக்கு அழைத்து, பதிவு வேலை செய்கிறதா என்று கேட்டேன். “இப்ப நல்லா போகுதக்கா. மேலருந்து நடந்து வந்த ஆளுங்க இப்பத்தான் வந்து சேர்ந்தாங்க, போட்டுக்கிட்டிருக்கேன்” என்றாள். இதைச் சிநேகிதியிடம் சொன்னேன். அவள் அம்மாவின் பெயரை மறுபடி மறுபடி தேடிக்கொண்டிருந்தாள். வெளியே மழை கொட்டிக்கொண்டே இருந்தது.

“இருக்குடி” என்றாள்.

“எங்க?”

“இரத்தோட்டை ஸ்கூல்ல. அம்மா பேரு வந்திருக்கு.”

அந்தப் பெண்ணை மறுபடி அழைத்து மூன்று பேரையும் ஒரே அழைப்பில் சேர்த்தேன். அவள் தேடிப் போய் அம்மாவிடம் கைப்பேசியைக் கொடுத்தாள். அம்மா மகளிடம் முதலில் சொன்னது, “பயப்படாதம்மா. கோழிங்கள தொறந்து விட்டுட்டுத்தான் எறங்குனேன்” என்பதுதான். சிநேகிதி சிரித்தாள். அப்புறம் அது சிரிப்பாக இல்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அம்மா பேசி முடித்ததும் அவள் என்னிடம், “போறேன்டி, நோனாவுக்கு மருந்து குடுக்கணும்” என்றாள். அவ்வளவுதான். திரை அணைந்தது. அறை சட்டென்று பெரிதாகிவிட்டது போல இருந்தது.

அம்மா இப்போது அலுவிகாரையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் நலமாக இருக்கிறார். மழை ஓய்ந்த பிறகு, இத்தாலியிலிருந்தே எங்கள் தளங்களில் ஏதாவது ஒரு பகுதியை எழுதித் தரலாமே என்று சிநேகிதியைக் கேட்டேன். எங்கள் முதலாளியும் சம்மதித்திருந்தார். “நோனாவ விட்டுட்டு எந்நேரம்டி உக்காருறது? பாப்போம்” என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் எந்தத் தளத்தைத் தொடங்கினாலும், முதல் நாளிலேயே ஒவ்வொரு வேலையையும் தனித்தனிக் கோப்பாகப் பிரித்துவிடுகிறேன். தளம் வேகமாக ஓடுகிறது, பிழை வந்தால் திருத்துவது சுலபம் என்று முதலாளி பாராட்டுகிறார். உண்மைதான். ஆனால் நான் அப்படி எழுதுவது, என்றைக்காவது ஒரு நாள் அவள் எங்கிருந்தாவது வந்து, எதையும் கேட்காமல், ஒரு பகுதியைக் கையில் எடுத்துக்கொள்ள இடம் இருக்க வேண்டும் என்றுதான்; அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.